மஞ்சள் டேப் ஒட்டிய முகமூடி

அல்வர்ஸ்டன், டாஸ்மேனியா
ஏப்ரல் 6

மெரின்,

'அன்புள்ள' என்று போடலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். தலையில் அடிபட்டதிலிருந்து ஒரு நாளைக்குப் பத்தே நிமிடம்தான் எனக்குப் படிக்கவும் எழுதவும் அனுமதி. அதில் ஒன்றை உனக்காகச் செலவழித்தாயிற்று, அதுவே அதிகம்.

உன் மூன்று கடிதங்களும் வந்தன. போன் திரையைப் பார்த்தால் எனக்கு வாந்தி வருகிறது, மணி அடித்தால் மண்டைக்குள் யாரோ தகரத்தை இழுத்துக்கொண்டு போகிறார்கள். அது தெரிந்து நீ பேனா எடுத்ததே பெரிய விஷயம். மூன்றையும் அம்மாதான் உரக்கப் படித்துக் காட்டினாள். அவள் படிப்பாள் என்று தெரிந்துதானே பெர்த் வெயிலையும் பயிற்சியையும் பற்றியே எழுதியிருந்தாய்? இனி நானே படிக்கிறேன். அம்மா உறையைப் பிரிக்க மாட்டாள். மறைக்காமல் எழுது.

பின்னறையில் இருக்கிறேன். அப்பா ஜன்னலில் ஒரு போர்வையை ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். வெளியே உருளைக்கிழங்கு அறுவடை. இயந்திரத்தின் சத்தம் மட்டும் உள்ளே வருகிறது. என் வேலையை நீ எடுத்துக்கொண்டாய் என்று ரேடியோவில் கேட்டு அம்மா சொன்னாள். அது அப்படி என்ன வேலை என்று அப்பா கேட்டார். எட்டு வருடமாக என் ஹாக்கி ஆட்டத்தைப் பார்க்கிற மனிதர். பெனால்டி கார்னர் கிடைத்தால் எதிரணிக்காரி கோலைப் பார்த்து மட்டையால் பந்தை வீசுவாள், அப்போது கோல் கோட்டிலிருந்து முதல் ஆளாகப் பாய்ந்து அந்தப் பந்து வரும் வழியிலேயே ஓடுகிறவள் நான் என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். "வேலியோரம் காளை வந்தா நீங்க ஒதுங்குவீங்கப்பா. நான் அது எதிர்ல ஓடுவேன். அதுக்குத்தான் என்னை வெச்சிருந்தாங்க" என்றேன். இப்போது உன்னை வைத்திருக்கிறார்கள்.

அந்த ஓட்டத்துக்கு மாட்டிக்கொள்கிற என் முகமூடியையும் எடுத்துக்கொண்டாயாமே. மஞ்சள் டேப்பையாவது உரித்தாயா? நான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே கோச்சிடம் சரி என்று தலையாட்டியிருக்கிறாய். ஒரு வாரம் பொறுத்திருக்கலாம்.

அடுப்படி டைமர் அடித்துவிட்டது. மீதி நாளை.

ஏப்ரல் 7

பிப்ரவரி விஷயத்துக்கு வருகிறேன். சீசன் தொடங்குமுன் டாக்டர் பிரையர் வைத்த தலைப் பரிசோதனையில் நாம் இருவரும் வேண்டுமென்றே சொதப்பினோம். போன வருடம் ஒருத்தி பந்து பட்டுப் பரிசோதனையில் தோற்று மூன்று ஆட்டம் உட்கார்ந்தாள், திரும்பி வரும்போது அவள் இடத்தில் வேறொருத்தி இருந்தாள். அதனால் முதலிலேயே மோசமாகச் செய்துவிட்டால், பின்னால் அடிபட்டுச் செய்தாலும் அதே மதிப்பெண் வரும், யாரும் நம்மை உட்கார வைக்க முடியாது என்று கணக்குப் போட்டோம். டாக்டர் ஐந்து வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். கதவு, தேன், ஏணி என்று சொல்லிவிட்டு, மற்றது ஞாபகமில்லை டாக்டர் என்று உதட்டைப் பிதுக்கினோம். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னபோது குடித்தவள் மாதிரி ஆடினோம். படிக்கட்டில் வந்து விட்டுப்போன இரண்டையும் கத்திச் சொல்லிச் சிரித்தோம்.

நினைத்தபடியே நடந்தது. அதே மாதக் கடைசியில், சிட்னியில், சனிக்கிழமை அர்ஜென்டினாக்காரி வீசிய பந்து என் நெற்றியில் பட்டது. பரிசோதனை வைத்தார்கள். முதலில் வந்த அதே மூன்று. ஞாயிற்றுக்கிழமை அதே அணியோடு இரண்டாவது ஆட்டம், இறங்கினேன், மறுபடி பட்டது. அதோடு சரி. இப்போது சீசன் முடிந்ததும் டாக்டரை விசாரிக்கப் போகிறார்களாம், என்னை எப்படி ஆடவிட்டாய் என்று. அவர் அம்மாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் சொல். விட்டுப்போன அந்த இரண்டு வார்த்தை என்ன? மூன்று நாளாக யோசிக்கிறேன், வரவில்லை.

பிரைடி

•

பெர்த்
ஏப்ரல் 15

அன்புள்ள பிரைடி,

நான் தாராளமாகவே போடுகிறேன், 'அன்புள்ள'.

குருவி, மணல். அதைக்கூடவா மறந்தாய்? படிக்கட்டில் அதை ராகம் போட்டுப் பாடியதே நீதானே, கழுதை. இதை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவைக் கீழே வைத்திருந்தேன். கேலி செய்தால் நீ திட்டுவாய், திட்டினால் பழைய பிரைடி என்று நினைத்துக்கொள்ளலாம் என்று ஆசை.

டேப்பை உரிக்கவில்லை. அந்த முகமூடிப் பெட்டியில் கைவிட்டால் எது யாருடையது என்று எப்போது தெரிந்திருக்கிறது நமக்கு? எட்டுப் பேர் எச்சில் வாடை. மஞ்சள் டேப் இருந்தால் உன்னுடையது என்றாவது தெரிகிறது. அதை மாட்டிக்கொண்டு கோட்டில் நிற்கும்போது மூச்சு முட்டுகிறது, அது முகமூடியால் மட்டுமில்லை.

தலையாட்டினேன்தான். ஒத்துக்கொள்கிறேன். எனக்கு இருபத்தொன்பது வயது. இந்த ஊருக்கு வந்து ஏழு வருடம். அம்மா அப்பா நாட்டின் மறுகோடியில், டவுன்ஸ்வில்லில், தம்பி கல்யாணத்துக்குப் போகவில்லை, நாய் செத்ததற்குப் போகவில்லை. பெர்த்தில் இருந்தால்தான் அணி, ஒரு வாரம் ஊருக்குப் போனால் நம் இடத்தில் வேறொருத்தி. ஏழு வருடத்தில் மொத்தம் முப்பத்தொரு ஆட்டம், பாதியில் கடைசிப் பத்து நிமிடம். கோச் என்னைக் கூப்பிட்டு, "முதல் ஓட்டம் உன்னால முடியுமா? யோசிச்சுச் சொல்லு, ஆனா இப்பவே சொல்லு" என்றார். என்ன சொல்லியிருக்க வேண்டும்? என் சிநேகிதி கண் திறக்கட்டும் என்றா? நீயாயிருந்தால் சொல்லியிருப்பாயா?

இப்போது கெஞ்சுகிறேன். இந்த சீசனைக் கடைசி வரை ஆடி முடிக்கிறவர்களிலிருந்துதான் ஒலிம்பிக் அணி. ஜூன் 29 கடைசி ஆட்டம். அதுவரை பிப்ரவரியைப் பற்றி வாயைத் திறக்காதே. நீ உன் பெயரை மட்டும் சொன்னாலும் பக்கத்து மேசையில் யார் உட்கார்ந்திருந்தது என்று கேட்பார்கள். டாக்டர் விசாரணை அதற்கப்புறம்தான். ஜூலையில் இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொல்லலாம், சத்தியம்.

காலி அறையில் உன் சைக்கிளைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

மெரின்

•

அல்வர்ஸ்டன்
மே 3

மெரின்,

கழுதை என்று எழுதியதற்கு நன்றி. இந்த வீட்டில் எல்லாரும் என்னிடம் கோயிலுக்குள் பேசுகிற மாதிரி பேசுகிறார்கள்.

இங்கே எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். காலையில் எழுந்து நடைவழியில் பன்னிரண்டு அடி, திரும்பப் பன்னிரண்டு. அறுபது நிமிடம் ஓடினவள். அம்மா ஸ்கேலப் சிப்பி இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்டாள், அடுப்பு வாசனையே தலையைப் பிளந்தது, அவளிடம் கத்திவிட்டேன். அவள் அதை எடுத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். அப்பாவின் நாய்க்குப் பெயர் வைத்ததே நான். நேற்று அதைக் கூப்பிட வாயைத் திறந்தேன், பெயர் வரவில்லை. அது வாலை ஆட்டிக்கொண்டே காத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் எனக்குப் புதிதாக ஒரு பரிசோதனை வைத்தார்கள். அங்கிருந்த பெண் என் பிப்ரவரித் தாளைப் பார்த்துவிட்டு, "பெருசா ஒண்ணும் குறையலையே, நல்லா தேறிட்டு வரீங்க" என்றாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை அழுகையும் வரவில்லை. நான் எவ்வளவு உடைந்திருக்கிறேன் என்று அளக்கிற அளவுகோலை நானே ஒடித்துப் போட்டிருக்கிறேன். இங்கேயிருந்து எப்படி வெளியே வருவது என்று தெரியவில்லை. உள்ளே நுழைந்த கதவை நானேதான் பூட்டினேன்.

நீ கேட்டதற்குச் சரி. ஜூன் 29 வரை பேச மாட்டேன். டாக்டர் முகம் கண்முன் வந்துகொண்டே இருக்கிறது, ஆனாலும் சரி. ஒரே நிபந்தனை. உன் தலையில் பந்து பட்டால், உரசினாலும், அன்றைக்கே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அன்றைக்கே. எழுதி அனுப்பு, கையெழுத்துப் போட்டு.

பிரைடி

•

பெர்த்
மே 21

பிரைடி,

நாளை லண்டன் கிளம்புகிறோம். பெட்டி மேல் உட்கார்ந்துதான் அதை மூடினேன்.

எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்: என் தலையில் பந்து பட்டால், உரசினாலும், அன்றைக்கே டாக்டர் பிரையரிடம் எல்லாவற்றையும் சொல்வேன். மெரின் ஆன் காஸ்டிகன்.

போதுமா, வக்கீலம்மா? ஓட்டல் முகவரிகளைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். லண்டன், ஆண்ட்வெர்ப், உத்ரெக்ட். ஐஸ்பெட்டியில் ஒட்டிக்கொள்.

மெ.

•

லண்டன்
ஜூன் 9

அன்புள்ள பிரைடி,

நேற்று இங்கிலாந்தை இரண்டுக்கு ஒன்று என்று வென்றோம். ஆறு கார்னர் கொடுத்தோம், ஆறிலும் நான்தான் முதலில். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. கோச் பஸ்ஸில் என் தோளைத் தட்டினார். அவர் தட்டுவது பதக்கம் மாதிரி என்று உனக்குத் தெரியும்.

நீ சிரிக்க ஒன்று. ஓட்டல் சலவையில் எங்கள் காலுறை எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டுச் சுருக்கிவிட்டார்கள். அத்தனை பேரும் குழந்தைக் காலுறையோடு பயிற்சிக்குப் போனோம். கோல்கீப்பர் ஓடெட் நேராகக் கோச்சிடம் போய், "நான் இன்னைக்குத்தான் சேர்ந்திருக்கேன் சார், ஒண்ணாங்கிளாஸ் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

இங்கே இரவு ஒன்பதுக்கும் வெயில் அடிக்கிறது. நான் திரையை இழுத்து மூடிவிட்டேன். கூட இருக்கிறவள் குகையில் வாழ முடியாது என்று சண்டை போட்டுவிட்டு வேறு அறைக்குப் போய்விட்டாள். நிம்மதி.

ஒன்று சொல்கிறேன், கத்தாதே. நான்காவது கார்னரில் பந்து முகமூடியின் ஓரத்தை உரசிக்கொண்டு போனது. விழவில்லை. நின்றுகொண்டேதான் இருந்தேன், மீதி ஆட்டமும் ஆடினேன். உரசினாலும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், தெரியும். உன்னிடம் சொல்கிறேன் இல்லையா? டாக்டரிடம் சொன்னால் இருபது நாள் மிச்சம் இருக்கும்போது எல்லாம் போய்விடும். இருபதே நாள், பிரைடி. நீ தினமும் செய்கிற நடைவழி மாதிரி எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன் போன் மூன்று முறை வந்ததாகச் சொன்னார்கள், நீயாக இருக்க முடியாது, நீதான் போனைத் தொடுவதில்லையே.

ஐயோ, உன்னைச் சிரிக்க வைக்க ஒன்று வைத்திருந்தேன், மறந்தே போனேன். ஓட்டல் சலவையில் எங்கள் காலுறையெல்லாம் சுருங்கிப் போய்விட்டது. குழந்தைக் காலுறை போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போனோம். ஓடெட் இருக்கிறாளே, கோச்சிடம் போய், ஒண்ணாங்கிளாஸ் எந்தப் பக்கம் சார் என்று கேட்டாள். விழுந்து விழுந்து சிரித்தோம்.

விரைவுத் தபாலில் போடுகிறேன்.

மெரின்

•

அல்வர்ஸ்டன்
ஜூன் 15

அன்புள்ள மெரின்,

பார், போட்டுவிட்டேன்.

காலுறைக் கதைக்குச் சிரித்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள், நான் சிரித்து நான்கு மாதமாகிறது. இரண்டாவது தடவை அதே கதை வந்தபோது, நான்தான் பக்கத்தைத் தவறாகப் புரட்டிவிட்டேன், என் மூளைதான் மறுபடி படிக்கிறது என்று நினைத்தேன். அம்மாவைக் கூப்பிட்டு, "இது ரெண்டு தடவை எழுதியிருக்கா, இல்ல நான் ரெண்டு தடவை படிக்கிறேனா?" என்று கேட்டேன். அவள் கண்ணாடி போட்டுப் பார்த்தாள். "ரெண்டு தடவை எழுதியிருக்குடி" என்றாள். மூன்று போன் யாருடையது என்றும் கேட்டேன். நாங்கள் யாருமே உனக்குப் போன் செய்யவில்லை.

மெரின், நானும் இப்படித்தான் ஆனேன். சிட்னியில் சனிக்கிழமை இரவு உன்னிடம் என் அண்ணன் படகு வாங்கின கதையைச் சொன்னேன், காலைச் சாப்பாட்டில் மறுபடி சொன்னேன். முதல் தடவை கேட்கிற மாதிரி நீ கேட்டுக்கொண்டாய். ஞாயிறு மத்தியானம் நீ என் முகமூடியின் பட்டையை இறுக்கிவிட்டாய். அதைப் பற்றி உன்னிடம் நான் கேட்டதேயில்லை. இப்போதும் கேட்கவில்லை. நானும் ஆட வேண்டும் என்றுதான் துடித்தேன்.

டைமர் அடித்தது. அம்மாவே அதை அணைத்துவிட்டு, எழுதி முடி என்றாள்.

இன்று காலை அம்மா எண்ணைப் போட்டுக் கொடுத்தாள், நான் டாக்டர் பிரையரிடம் பேசினேன். ஆண்ட்வெர்ப்பில் விடியுமுன் எழுப்பிவிட்டேன் போல. மெரின் தலையில் பந்து பட்டிருக்கிறது, பாருங்கள் என்றேன். உனக்கெப்படித் தெரியும் என்றார். கடிதம் என்றேன். பிப்ரவரியைச் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்திருந்தேன் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன், போனை வைத்தபிறகு அந்த வாக்கை நினைத்து எனக்கே அசிங்கமாக இருந்தது. அதை நீ சொல். இந்தக் கடிதம் உத்ரெக்டுக்கு வரும். வருவதற்குள் சொல்லிவிடு. ஒலிம்பிக் எனக்கும் வேண்டியிருந்தது. அப்பா நாயின் பெயர்தான் இப்போது அதைவிட அதிகமாக வேண்டியிருக்கிறது.

பிரைடி

•

ஆண்ட்வெர்ப்
ஜூன் 17

பிரைடி,

உன் கடிதம் ஏதாவது வந்துகொண்டிருந்தால் இன்னும் கைக்கு வரவில்லை. நீ போன் செய்தது தெரியும். முதலில் உன்னைக் கண்டபடி திட்டினேன், சத்தமாக, குளியலறையில். அதை எழுத வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

நேற்று முன்தினம் டாக்டர் பிரையர் என்னை மசாஜ் மேசை இருக்கிற அறைக்குக் கூப்பிட்டார். புது வார்த்தைகள் ஐந்து சொன்னார். பிரைடி, நான் உயிரைக் கொடுத்து முயற்சி செய்தேன். வாழ்க்கையில் எந்தப் பரிசோதனையையும் அவ்வளவு நேர்மையாகச் செய்ததில்லை. மூன்று வந்தது. மற்ற இரண்டும் இருந்த இடம் வழவழவென்று காலியாக இருந்தது. ஒற்றைக்காலில் நின்றேன், சுவர் என் பக்கம் வந்தது.

டாக்டர் பிப்ரவரித் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. "அப்பவும் மூணு, இப்பவும் மூணு. நிக்கறதுலயும் வித்தியாசமில்ல. நல்லவேளை மெரின், பயந்தே போயிட்டேன். நாளைக்கு நீ ஆடலாம்" என்றார்.

எழுந்து நடந்தேன். கதவின் கைப்பிடியில் கை வைத்துவிட்டேன். வெளியே பஸ் நின்றிருந்தது, முகமூடிப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், மஞ்சள் டேப் மேலேயே தெரிந்தது. எனக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. நாம் போட்ட கணக்கு அப்படியே பலித்துவிட்டது. என்னை யாரும் உட்கார வைக்க முடியாது, என்னாலேயேகூட முடியாது போல என்று நினைத்தேன். வெளியே போகிற கதவு இல்லை அது என்று தெரிந்தது.

திரும்பாமலே சொன்னேன். "டாக்டர், பிப்ரவரியில நான் மறந்த மாதிரி நடிச்சேன். இன்னைக்கு நிஜமாவே மறந்துட்டேன்."

அவர் அந்தத் தாளைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "பிரைடியுமா?" என்றார். ஆமாம் என்றேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்.

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். எழுந்து வந்து அறை விளக்கை அணைத்தார். அதைத்தான் முதலில் செய்தார். என் கண்ணுக்காக. இருட்டில் உட்கார்ந்துகொண்டு, "நாலு மாசமா தினம் அந்தத் தாளை எடுத்துப் பார்க்கறேன். எதைக் கவனிக்காம விட்டேன், எதைக் கவனிக்காம விட்டேன்னு" என்றார். அவர் அழுதாரா என்று தெரியவில்லை. நான் அழுதேன்.

சீசன் முடிந்துவிட்டது எனக்கு. பிப்ரவரி விஷயம் எழுத்தில் போயிருக்கிறது, தடை வரும் என்கிறார்கள், எத்தனை மாதம் என்று தெரியாது. நேற்று பெல்ஜியம் ஆட்டத்தில் இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி மஞ்சள் டேப்போடு முதலில் ஓடினாளாம். இரண்டு கோல் வாங்கினோமாம். பொறாமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பத்து நாளுக்கு விமானம் ஏறக்கூடாது. திரை மூடிய அறையில் படுத்திருக்கிறேன். எனக்கும் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம்தான், இதை மூன்று தவணையாக எழுதுகிறேன்.

ஒரு உதவி. நேற்று தூக்கம் வராமல் நம்முடைய பழைய வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தேன். கதவு, தேன், ஏணி. படிக்கட்டில் நீ பாடியது நினைவிருக்கிறது, ராகம்கூட வருகிறது. அந்த இரண்டு வார்த்தை வரவில்லை. ஏப்ரலில் உனக்கு எழுதியிருந்தேன் இல்லையா? கேலி வேறு செய்திருந்தேன். அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து எழுதி அனுப்பு.

மெரின்

•

அல்வர்ஸ்டன்
ஜூன் 24

அன்புள்ள மெரின்,

குருவி, மணல். கடிதத்தைப் பார்க்காமலே எழுதுகிறேன், கழுதை.

என் பெயரைச் சொன்னதற்கு எதற்கு மன்னிப்பு? உன் கடிதம் வந்த அன்றிரவு முழுதாகத் தூங்கினேன். டாக்டருக்கு நானும் எழுதிவிட்டேன், எட்டு வரி, இரண்டு நாள் ஆனது.

விமானம் ஏறலாம் என்று சொன்னதும் பெர்த்துக்குப் போகாதே, இங்கே வா. பின்னறையில் அப்பா இன்னொரு கட்டில் போட்டிருக்கிறார். ஜன்னல் போர்வையை இன்னும் எடுக்கவில்லை.

பிரைடி